வயல் பூச்சிக்கு அனுமதி இல்லை

போன் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. மேசைமேல் வைத்தால் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்து தொலைக்கும் என்று பொற்கொடி அதைச் சாப்பாட்டுப் பைக்குள், பாதி தின்ற தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் திணித்து வைத்திருந்தாள். இப்போது டப்பாவும் சேர்ந்து கிர்ரென்றது. அண்ணன்தான். வேறு யார் காலையிலிருந்து இப்படி விட்டு விட்டுக் கூப்பிடப்போகிறார்கள்? எடுத்து என்ன சொல்வது. அண்ணே, நாலு மணி வரைக்கும் பொறு. அது என்ன நாலு மணி? நேற்று நாலு மணிக்குத்தான் பூச்சியை விட்டுக் கப்பைக் கவிழ்த்தேன், ஒரு முழுநாள் ஆகவேண்டும், அதுதான் முறை. அவன் என்ன சொல்வான்? சரி கொடி என்பான். செங்குட்டுவன் என்று பேர் வைத்துக்கொண்டு எதற்கும் சரி கொடி என்றுதான் சொல்வான், அதனால்தான் எடுக்கவில்லை. நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், டிராக்டர் நிறுத்தும் இடத்தை ஒட்டி, யாரும் எட்டிப்பார்க்காத பழைய வலைக்கொட்டகையில், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில், மூன்று மண்தொட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டிவிட்டால் பார்க்காமல் இருந்துவிடலாமாம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! மூன்றாவது தொட்டி இருக்கிற திசை அவள் முதுகில் வெயில் மாதிரி உறைத்துக்கொண்டிருந்தது. போன் ஓய்ந்தது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே அந்த அப்பாடாவை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது தொட்டியில் இருப்பது அவள் நெல். அவள் நெல் என்று சொல்லக்கூடாது, நிலையத்தின் நெல், ஒட்டுக் கட்டியவர்கள் வேறு யார் யாரோ. ஆனால் அந்த நெல் புகையான் பூச்சியை எப்படித் தாங்குகிறது என்று கண்டுபிடித்தவள் அவள், ஆகவே வாய் தவறி அவள் நெல் என்று வந்துவிடும். புகையான் எள்ளளவுதான் இருக்கும். பழுப்பு நிறம். இலையில் வந்து உட்கார்ந்தாலாவது மனிதர் கண்ணில் படும், அதற்கு அந்த நல்ல குணம் இல்லை, தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தூரின் அடியில் மொய்த்துக்கொண்டு சாறு குடிக்கும். மேலே பயிர் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடு வயலில் வட்டமாக ஒரு இடம் தீய்ந்து கிடக்கும், அடுத்த நாள் அந்த வட்டம் பெரிதாகும், அப்புறம் வட்டமும் வட்டமும் கைகோத்துக்கொள்ளும். அவள் பாடம் அந்தப் பூச்சிகூட இல்லை, அதன் எச்சில். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரில் மாப்பிள்ளையின் அத்தை, என்னம்மா படிச்சிருக்க என்று கேட்க, பூச்சியோட எச்சில்ல இருக்குற புரதம் என்று இவள் பதில் சொல்ல, அந்த அம்மாள் கையில் இருந்த கேசரித் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டாள். ஊரில் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எச்சி டாக்டர் என்று பேர் வைத்தவனும் அவன்தான். சிரிக்கட்டும். அந்த எச்சில் சாதாரண எச்சிலா? பூச்சி ஊசியைக் குத்தியதும் முதலில் குடிக்காது, துப்பும். துப்புகிற எச்சிலில் பலவிதப் புரதம். ஒன்று குத்தின இடத்தைச் சுற்றி உறை மாதிரி இறுகும், ஒன்று செடி கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொள்ளும், ஒன்று உனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ பாட்டுக்கு இரு என்று செடியைத் தட்டிக்கொடுக்கும். குத்து வாங்கியவனுக்கே குத்து தெரியாது. அவள் நெல்லுக்கு மட்டும் தெரியும். அந்தப் புரதங்களில் ஒன்றை அது அடையாளம் கண்டுகொள்ளும், கண்டதும் சாறு ஓடுகிற குழாயை அடைத்துவிடும், பூச்சி பட்டினி கிடந்து சாகும் அல்லது வேறு இடம் பார்த்துப் போகும். அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்கு இருபதுகளின் கடைசி முழுவதும் போனது. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் சாயம் ஏற்றினால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரும், நடுவில் கொஞ்சம் தடித்து, இடது ஓரம் லேசாகச் சாய்ந்து ஒரு கோடு. கூட்டத்தில் தன் பிள்ளையின் பின்னந்தலையைத் தாய் கண்டுபிடிப்பதுபோல அவள் அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பாள். இன்று காலை, வயல் பூச்சியின் எச்சிலில், அந்தக் கோடு இல்லை.

இல்லை என்று எப்படிச் சொல்வது. மங்கலாக இருந்தது. மங்கலாகக்கூட இல்லை, இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று அவள் கண் போட்டுக்கொண்ட கோடு. மாதிரி குறைவாக இருந்திருக்கும். எச்சில் என்ன குடத்திலா வருகிறது? பாராஃபிலிம் என்கிற மெழுகுப் படலத்தை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, கிழியப்போகிறது என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்குழாய் வாயில் கட்டி, அதன்மேல் சர்க்கரைத் தண்ணீர் விட்டு, இன்னொரு படலம் மூட வேண்டும். பூச்சி கீழேயிருந்து குத்தித் துப்பிக் குடிக்கும், அந்தத் தண்ணீரைச் சேர்த்துச் சுண்டவைத்தால் மிஞ்சுவது ஒரு சொட்டு. படலம் கொஞ்சம் தடிமனாக நின்றுவிட்டால் பூச்சி குத்தவே குத்தாது. அன்றைக்கு அவள் சரியாக இழுக்கவில்லை, ஆமாம், அதுதான் காரணம். ஆனால் மற்றக் கோடுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தனவே. மேலே இருக்கிறவன் இருக்கிறான், கீழே இருக்கிறவன் இருக்கிறான், நடுவில் இவன் மட்டும் எங்கே போனான்? பக்கத்து வரிசையில், கூண்டுப் பூச்சியின் எச்சிலில், இடது ஓரம் சாய்ந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தானே. கூண்டுப் பூச்சி. நினைப்பு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. நிலையத்தின் பூச்சிக்கூடத்துக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது, வயல் பூச்சிக்கு அனுமதி இல்லை என்று. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், பூச்சி படிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுமா என்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் சேருவதற்கு வெகுகாலம் முன்னால் யாரோ வயலிலிருந்து நாலு பூச்சியைக் கொண்டுவந்து கூண்டில் விட, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த முட்டைத்தின்னி மொத்தக் கூண்டையும் காலிசெய்துவிட்டதாம். பிறகு முதலிலிருந்து வளர்த்தார்களாம். அன்றைக்கு மாட்டிய பலகை. அன்றிலிருந்து அதே பூச்சியின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று கூண்டுக்குள்ளேயே, எதிர்ப்பே இல்லாத ஒரு பழைய நெல்லைத் தின்று, வெயில் அறியாமல், மழை அறியாமல், மருந்து வாசனை அறியாமல் வளர்கின்றன. வீட்டுப் பிள்ளைகள். புது நெல் ஏதாவது வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளை விட்டுத்தான் சோதிப்பது. சுத்தமான பூச்சி, சுத்தமான சோதனை, சுத்தமான முடிவு. வெளியே வயலில் அதன் பங்காளிகள் இத்தனை காலம் என்னென்ன கற்றுக்கொண்டன, எச்சிலில் எதைச் சேர்த்தன, எதை விட்டன என்று யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள் என்று வாய்விட்டே சொன்னாள். கொட்டகைக்குள் அந்தச் சத்தம் யாரோ வேறு ஆள் சொன்ன மாதிரி கேட்டது.

கேட்கத் தோன்றியதே போன வெள்ளிக்கிழமைதான், அதுவும் விளையாட்டாக. அண்ணன் போனில், அடித்தூர்ல பூச்சி தெரியுது கொடி என்றான். பக்கத்துல பவுனாம்பா அக்கா வயல்லயும் இருக்கு என்றான். அவள் சிரித்தாள். உட்காரும் அண்ணே, உட்கார்ந்துட்டுப் போகட்டும், குடிக்க முடியாதுல்ல. சிரித்தாளே, அந்தச் சிரிப்பு! வேண்டுமானால் கொஞ்சம் பிடித்துக் கொண்டுவா, என்ன பண்ணுதுன்னு பார்த்துச் சொல்றேன் என்றாள், கடைக்காரியிடம் கத்திரிக்காய் கேட்கிற மாதிரி. அவன் அன்றைக்கே தண்ணீர் பாட்டிலில் நெல் தூரை ஒடித்துப் போட்டு, வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, மன்னார்குடி பஸ் பிடித்து வந்து வாசலில் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். வேலை இருக்கு கொடி என்றான். இருக்காதா, கதிர் பால் பிடிக்கிற நேரம். அப்போது அவன் ஒரு மாதிரி பார்த்தானா? இல்லை. ஏதாவது கேட்க வந்து விழுங்கினானா? அதுவும் இல்லை. அவள்தான் இப்போது உட்கார்ந்து அவன் முகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பூச்சிக்கூடத்துக்குள் கொண்டுபோக முடியாதே, பலகை இருக்கிறதே, ஆகவே இந்தக் கொட்டகை. டீக்கடை பிளாஸ்டிக் கப் மூன்று, அடியில் தண்டு நுழைய ஓட்டை, தூரைச் சுற்றிக் கவிழ்த்து, கீழே நிறம் மாறும் சாயத்தில் தோய்த்துக் காயவைத்த மஞ்சள் வடிதாள். பூச்சி சாற்றைக் குடித்தால் பின்னால் இனிப்பாகக் கழியும், அது தாளில் விழுந்த இடம் நீலமாகும். குடிக்கவில்லை என்றால் தாள் மஞ்சளாகவே கிடக்கும். முதல் தொட்டியில் பழைய நெல்லும் கூண்டுப் பூச்சியும், அது நீலமாகத்தான் ஆகும், ஆகவேண்டும். இரண்டாவதில் அவள் நெல்லும் கூண்டுப் பூச்சியும், மஞ்சள், சந்தேகமே இல்லை. மூன்றாவதில் அவள் நெல்லும் அண்ணன் கொண்டுவந்த பூச்சியும். கப் கண்ணாடி மாதிரித் தெரிகிறது, கண் அங்கேயே போய்க்கொண்டிருக்கும் என்று காலையில் ஜெல்லைப் பார்த்துவிட்டு வந்த கையோடு மூன்றின்மேலும் தன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டாள். பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி என்று தோன்றியது, சீ, என்ன நினைப்பு இது.

போன் மறுபடியும். அடிக்கட்டும். நாலு மணி. முழுநாள் ஆகாமல் பார்த்தால் சோதனைக்கு மரியாதை இல்லை. அவசரப்பட்டு மஞ்சளாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அப்புறம் கடைசி ஒரு மணிநேரத்தில் நீலம் விழுந்தால்? ஆகவே பொறுக்கவேண்டும். இது சரியான காரணம்தானே. சரியான காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று உள்ளே வந்தது, வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. மஞ்சளுக்குத்தான் முழுநாள் வேண்டும். நீலத்துக்கு எதற்கு? நீலம் விழுந்திருந்தால் எப்போதோ விழுந்திருக்கும், விழுந்த நீலம் நாலு மணிக்குத் துடைத்துக்கொண்டா போகும்? அப்படியானால் காலையிலேயே பார்த்திருக்கலாம். காலையில், ஜெல்லைத் தட்டில் வைத்துவிட்டு நேராக இங்கே ஓடிவந்தாளே, கப் முன்னால் நின்றாளே, குனியாமல் துப்பட்டாவை எடுத்துப் போர்த்தினாளே, அப்போதே. எதற்குப் போர்த்தினாய் பொற்கொடி? கண் போய்விடும் என்றா? அவள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு பக்கம் போனாள். வேறு பக்கம் போனால் அங்கே பவுனாம்பா அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

ஆடியில், விதை கொடுத்த அன்று, வரப்பில். நிலையத்திலிருந்து உழவர் வயலில் போட்டுப் பார்க்க விதை கொடுத்தார்கள், அவள் தன் ஊருக்குக் கேட்டு வாங்கிப் போனாள், பெருமை. அண்ணன் வாங்கிக்கொண்டான். அவன் வயலுக்கு அடுத்த வயல் பவுனாம்பா அக்காவுடையது, புருஷன் போனபிறகு தானே ஆள் வைத்து, தானே நின்று, ஒரு வரப்பைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பயிர் செய்கிறவள், அவளும் கேட்டு வாங்கினாள். சுற்றி நாலைந்து பேர். பொற்கொடி வரப்பில் நின்று சொற்பொழிவு ஆற்றினாள். எச்சிலை இந்தச் செடி கண்டுபிடிச்சுரும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன், அப்ப எங்க வீட்டுல ஒரு தூரு நட்டு வைக்கணும், யாரு என் டம்ளர்ல குடிக்கிறான்னு தெரியும் என்றான். இன்னும் சிரிப்பு. பவுனாம்பா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையில் விதையை முடிந்துகொண்டே, "அப்ப இதுக்கு மருந்தே வேணாமா கொடி?" என்றாள். "வேணாம்க்கா. பூச்சியப் பாத்தாலும் பயப்படாதீங்க. கை வைக்காதீங்க." கை வைக்காதீங்க. என்ன அழுத்தம் அந்த வார்த்தையில், என்ன திமிர். நிலையத்தில் எல்லாரும் எழுதும்போது தாங்கும் தன்மை கொண்டது, பெருமளவு, சாதகமான சூழலில் என்று பத்து முட்டுக்கொடுத்துத்தான் எழுதுவார்கள், அவளும் அப்படித்தான் எழுதுவாள். வரப்பில் நிற்கும்போது அந்த முட்டெல்லாம் எங்கே போயிற்று? சொந்த ஊர், சொந்த ஜனம், எச்சி டாக்டர் என்று சிரித்த ஜனம், அவர்கள் முன்னால் ஒருமுறையாவது முழுசாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கை வைக்காதீங்க. அந்த அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வாயில் ரப்பர் கசந்தது. நேற்று பூச்சியை உறிஞ்சு குழாயில் பிடித்ததன் மிச்சம், எத்தனை தரம் கொப்பளித்தாலும் போகாது. ஒரு முனையைப் பூச்சிமேல் வைத்து மறுமுனையை வாயில் வைத்து இழுக்கவேண்டும், நடுவில் வலைத்துணி தடுக்கும், பூச்சி வாய்க்குள் வராது, ஆனால் அதன் வாசனை வரும், பச்சையும் புழுக்கமும் கலந்த ஒரு வாடை. அது செடியை உறிஞ்சுகிறது, இவள் அதை உறிஞ்சுகிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். எச்சில் என்றால் அம்மா நெருப்பு. டம்ளரை உதட்டில் வைத்தால் தீர்ந்தது. ஒரு மிட்டாய் கிடைத்தால் அண்ணன் அதைச் சட்டைத் துணிக்குள் வைத்து, துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்பான், காக்காக் கடி, எச்சில் படவில்லை பார் என்று விரித்துக் காட்டுவான். பாராஃபிலிமை இழுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சட்டை நினைவுக்கு வரும். பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுபாதியை வாயில் போட்ட மாதிரிக் கன்னத்தை உப்பிக்கொண்டு மெல்லுவான். அவள் தன் பாதியை முடித்ததும் சட்டைப்பையிலிருந்து அவன் பாதியையும் எடுத்துக் கொடுப்பான், இது வேற மிட்டாய் என்பான். அவளும் நம்பினாள், வேறு மிட்டாய் என்றே பல வருஷம். இப்போது எதற்கு இது? அவன் வயல் போகப்போகிறது, உனக்கு மிட்டாய் நினைப்பு. வங்கியோ கடனோ அவளுக்குப் பயமில்லை, அதெல்லாம் எப்படியோ சமாளிப்பான், அவன் முகம்தான் பயம். தீய்ந்த வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, பரவால்ல கொடி என்பானே, அந்த முகம்.

வெளியே செருப்புச் சத்தம். வரதராஜுலு சார். அவளுடைய வழிகாட்டி, பூச்சிக்கூடத்தின் தலைவர், பலகையைத் தினமும் கைக்குட்டையால் துடைக்கிறவர். வலைக்கு வெளியே நின்றுகொண்டு, மூக்கை மட்டும் வலையில் ஒட்டவைத்து, "என்னம்மா, உன் வெளியூர் விருந்தாளிங்க எப்படி இருக்காங்க?" என்றார்.

"நாலு மணிக்குத்தான் சார் பார்க்கணும்."

"பாரு, பாரு. காலைல அந்த ஜெல் பார்த்தேன். மாதிரி கம்மிம்மா. திரும்ப ஒரு தடவை ஓட்டு, அடுத்த வாரம் ஓட்டு, ஒண்ணும் அவசரமில்ல. இங்கேர்ந்து உள்ள வர்றதுக்கு முன்னாடி கை காலைக் கழுவிட்டு வா, புடவைல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தாலும் போச்சு." சொல்லிவிட்டு நடந்தார். அவள் சுடிதார் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை, நல்ல மனிதர், எதையும் கவனிக்காத நல்ல மனிதர். மாதிரி கம்மி. அதே வார்த்தை. அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் அது செத்துப்போயிற்று. ஒண்ணும் அவசரமில்ல, அடுத்த வாரம். அவருக்கு அடுத்த வாரம் இருக்கிறது, ஜெல்லுக்கு இருக்கிறது, பால் பிடிக்கிற கதிருக்கு இருக்கிறதா? இவ்வளவு இதமாகச் சொல்கிறாரே, உனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ பாட்டுக்கு இரு. எங்கேயோ கேட்ட பேச்சு. எழுந்துவிட்டாள். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது, எடுக்கவில்லை. நாலு மணி ஆக இன்னும் நேரம் கிடந்தது. துப்பட்டாவை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நீலம். புள்ளி புள்ளியாகக்கூட இல்லை, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தூரைச் சுற்றிப் பெரிய பெரிய நீலம். பக்கத்தில் முதல் தொட்டியின் தாளைப் பார்த்தாள், எதிர்ப்பே இல்லாத அந்த அப்பாவி நெல்லில் விழுந்த நீலத்தைவிட இது அதிகம். நடுத்தொட்டி மட்டும் சமர்த்தாக மஞ்சளாக இருந்தது, வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்து கப்பின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது கப்புக்குள் வயல் பூச்சிகள் தூரில் வரிசையாக, தலையைக் கீழே வைத்து, அசையாமல், வயிறு உப்பி, நிம்மதியாக இருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு மாதிரி ஒன்றுதான் வந்தது. குடிங்கடா குடிங்க. செடி பச்சையாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. பையைக் கவிழ்த்தாள், டப்பா உருண்டது, போனை எடுத்தாள். கை வேர்த்து விரல் பதியவில்லை, சுடிதாரில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். முழுதாக ஒரு மணிகூட அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"ஏன்டி, போன எங்க போட்டுட்டுத் திரியிற? காலைலேர்ந்து..."

"அண்ணே, மருந்து அடி. இப்பவே அடி. நான் சொன்னது தப்பு அண்ணே, பூச்சி குடிக்குது, நல்லாக் குடிக்குது, அந்த நெல்லு தாங்காது. தண்ணிய வடிச்சுட்டுத் தூர்ல படுற மாதிரி அடிக்கணும், மேலாக்க அடிச்சாப் பிரயோசனமில்ல. ஆளு இருக்கா? கேக்குதா அண்ணே?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மோட்டார் ஓடுவது கேட்டது. பரவால்ல கொடி என்று வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் அடிச்சுட்டேன் கொடி."

"எப்ப?"

"அது... வெள்ளிக்கெழமையே. உனக்குப் பூச்சி குடுத்துட்டு வந்தன்ல, அன்னைக்கிப் பொழுது சாயிற நேரம். முன்னாடியே ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தேன். நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல. நீ பேசுறப்ப எவ்வளவு சந்தோசமாப் பேசுற."

அவன் வயல் பிழைத்துவிட்டது. அவன் வயல் பிழைத்துவிட்டது என்று அவள் தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள், சந்தோஷம் வரட்டும் என்று. வந்தது, வராமல் இல்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சந்தோஷத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது. டீகூடக் குடிக்காமல் ஓடினானே, வேலை இருக்கு கொடி என்று. மருந்து அடிக்கத்தான் ஓடியிருக்கிறான். பாட்டிலை நீட்டும்போதே அவனுக்குத் தெரியும். வரப்பில் டம்ளர் ஜோக் அடித்துச் சிரித்தபோதே அவன் நம்பவில்லை, இத்தனை மாதமும் நம்பவில்லை, கன்னத்தை உப்பிக்கொண்டு மென்றுகொண்டிருந்திருக்கிறான். சட்டைத் துணியோடு கடித்த கடி. எங்கே கடித்தான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கோபப்படலாமா? கோபப்பட என்ன முகம் இருக்கிறது, அவன் நம்பியிருந்தால் இந்நேரம் அவன் வயல் என்ன ஆகியிருக்கும்? இருந்தாலும் வலித்தது. ரொம்ப வலித்தது.

"அப்பறம் எதுக்குண்ணே காலைலேர்ந்து கூப்புட்ட?"

"அதத்தான் சொல்ல வர்றேன், எங்க சொல்ல விடுற. பவுனாம்பா அக்கா வயல்ல நடுவுல வட்டம் விழுந்துருச்சு. நேத்து சாயங்காலம் ஒண்ணு, இன்னைக்கிப் பாத்தா மூணு எடம். நானும் சொல்லிப் பாத்துட்டேன், அடி அடின்னு. கேக்க மாட்டேங்குது. கொடி கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு, நீ உன் தங்கச்சியயே நம்பாத ஆளு, எங்கிட்ட வராதங்குது. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுது. யாரு சொன்னாலும் நடக்காது, நீ சொன்னாத்தான் நடக்கும். நம்பர் இருக்குல்ல?"

நம்பர் இருந்தது. பவுனாம்பா அக்கா என்று இவளே ஆடியில் பதிந்து வைத்தது, விதை எப்படி வந்திருக்கிறது என்று கேட்க. ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பேரைத் தொட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நொடி நினைத்தாள், எடுக்கவேண்டும் என்று மறுநொடி. இவளைப்போல் போனைப் பைக்குள் திணித்து வைக்கிற ஆள் இல்லை அந்த அக்கா, எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தம், வயலில்தான் நிற்கிறாள்.

"கொடியா? நீ கூப்புடுவன்னு தெரியும். உங்கண்ணன் இருக்கானே, அவனமாதிரி பயந்தாங்கொள்ளிய நான் பாத்ததில்ல. அவங்கெடக்கான். எங்க வயல்ல மூணு எடத்துல கொஞ்சம் தீஞ்சாப்ல தெரியுது. அது நீ சொன்ன மாதிரி, பூச்சி சாவுறப்ப அப்படித் தெரியும், என்னா?"

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த அக்காவே சொல்லிக்கொண்டது, இவள் பேரில். பூச்சி சாவுறப்ப. எவ்வளவு தூரம் இவளுக்காகப் பேசிவிட்டாள், ஊரோடு சண்டை போட்டு, கண்ணால் பார்த்ததைக்கூட மாற்றிச் சொல்லிக்கொண்டு. பொற்கொடியின் வாயில் ரப்பர் கசப்பு மறுபடி ஊறியது. முழுங்கினாள்.

"இல்லக்கா. பூச்சி சாவல. குடிக்குது. நான் சொன்னது தப்புக்கா. உடனே மருந்து அடிங்க, தண்ணிய வடிச்சுட்டு, தூர்ல. இன்னைக்கே அடிங்க."



"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் பவுனாம்பா. குரலில் கோபம் இல்லை. பஸ் எப்போது என்று கேட்கிற குரல்.

இப்போதான் அக்கா, இப்போதான் கப்பைப் பார்த்தேன். அது பொய் இல்லை. அது முழுக்க முழுக்க உண்மை, தாள் சாட்சி, கடிகாரம் சாட்சி, யாரும் குறைசொல்ல முடியாது. வாய்வரைக்கும் வந்துவிட்டது, நல்ல இதமான உண்மை. தரையில் கசங்கிக் கிடந்த துப்பட்டாவைப் பார்த்தாள்.

"காலையிலயே தெரியும்க்கா."

ஒரு பெருமூச்சு கேட்டது, அவ்வளவு நீளமாக இல்லை.

"காலையில ஸ்ப்ரேயர் ஆளு வரப்பு வரைக்கும் வந்தான்டி. உங்கண்ணன்தான் அனுப்பிருந்தான். நான்தான், எங்க கொடி சொல்லட்டும், அப்பறம் பாப்பம்னு திருப்பி அனுப்பினேன். அவன் இப்ப எந்த ஊருல நிக்கிறானோ."

"அக்கா..."

"வையி. நான் ஆளத் தேடணும்."